புது பேட்டரி போட்டும் யூபிஎஸ் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

யூபிஎஸ் ஒரு தடவை போனால் அது யூபிஎஸ் கோளாறு. பேட்டரி மாற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் கார்டு மாற்றி, அப்புறமும் போனால் கோளாறு அந்தப் பெட்டிக்குள் இல்லை என்று அர்த்தம். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் எங்கள் கம்பெனிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும், எனக்குப் பல ராத்திரித் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் எத்தனையோ ஷூ கம்பெனி, கல்லூரி, ஸ்கேன் சென்டர் இருக்கின்றன. பாதி இடங்களில் என்னைப் போல ஒரே ஒரு ஆள்தான் சர்வர், நெட்வொர்க், கேமரா, பிரிண்டர், கைரேகை மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். கரன்ட் சமாச்சாரம் எப்போது தன் தலையில் வந்து விழுந்தது என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது. அப்படி ஒருவர் படித்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் இடம் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற யூனிட். கீழே கட்டிங்கும் தையல் லைனும், மேலே ஆபீஸும் சாம்பிள் ரூமும். சர்வர் ரூம் மாடியில் மேற்கு மூலையில் இருக்கிறது, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. இந்த ஊர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உள்ளே 10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் ஒன்று, அதாவது கரன்ட் இருக்கும்போதும் எல்லாம் தன் வழியாகவே போகும்படி செய்தது. மூன்று ஃபேஸ் உள்ளே போய் ஒரு ஃபேஸாக வெளியே வரும் வகை. 12 வோல்ட், 42 ஏஹெச் சீல்டு பேட்டரி 20, ஒன்றன்பின் ஒன்றாகச் சீரியலில் கட்டி இரும்பு ரேக்கில் அடுக்கியது. லோடு மூன்றரை கிலோவாட்டுக்குள்தான். கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்க வேண்டும்.

2022 ஏப்ரலில் ஒரு மதியம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்துவதாக ஏற்கெனவே அறிவித்திருந்த நாள். ஜெனரேட்டர் எடுக்கச் சில நிமிஷம் பிடித்தது, அதற்குள் யூபிஎஸ் படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் தாங்க வேண்டியது இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. கம்பெனிக் கணக்கு மொத்தமும் ஓடுகிற ஈஆர்பி சர்வர் திரும்ப எழுந்தபோது டேட்டாபேஸ் கரப்ட். முந்தின ராத்திரி பேக்கப் இருந்ததால் தலை தப்பியது. ஆனால் அன்று காலையிலிருந்து போட்ட ஜாப் கார்டு, ஸ்டாக் என்ட்ரி எல்லாவற்றையும் பேப்பரைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கென்று ஒரு கன்டெய்னர் சென்னை துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய நாள். பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் எடுக்க முடியாமல் வண்டி ராத்திரி முழுக்க கேட்டிலேயே நின்றது. ஹால்டிங் சார்ஜ் தனி, டிஸ்பாட்ச் மேனேஜரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

பேட்டரி சப்ளை செய்தவர் வந்தார். ரேக்கை எட்டிப் பார்த்தார், மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. "லைஃப் முடிஞ்சிடுச்சு சார். செட்டா மாத்திடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு இவ்ளோதான் வரும்" என்றார். வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. வாரன்டி கேட்டால், அறையில் வெப்பம் அதிகம், கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார். முதலாளியிடம் கையெழுத்து வாங்கி 20 பேட்டரியும் புதிதாக வந்தது. பழையதைத் திருப்பிக் கொடுத்த கழிவு போக, அப்போதிருந்த 28 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 1,12,000 ரூபாய்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. சீரியலில் கட்டிய 20 பேட்டரியில் 17 நன்றாக இருந்து மூன்று கெட்டிருந்தாலும் மொத்த வரிசையும் படுத்துவிடும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், கெட்டது தெரியாது. லோடு ஏற்றி, அதாவது யூபிஎஸ்ஸுக்கு வரும் கரன்ட்டை நிறுத்திப் பேட்டரியில் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது 12க்கு மேல் நிற்கும். கெட்டது சட்டென்று மூன்று, இரண்டு என்று விழும். முற்றிலும் வறண்டு போனது தலைகீழாக மைனஸ்கூடக் காட்டும். மொத்த வோல்டேஜ் 210க்குக் கீழே, அதாவது ஒரு பேட்டரிக்கு பத்தரை வீதம் இறங்கினால், யூபிஎஸ் கையை விரித்துவிடும். இந்தச் சோதனையைச் செய்ய அரை மணி நேரம் போதும். செட் புதுசாக இருந்தால் கெட்ட மூன்றை மட்டும் அதே கம்பெனி, அதே அளவில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய செட்டில் புதுசைச் செருகினால், பழையதன் பலவீனத்துக்குப் புதுசும் சேர்ந்து சீக்கிரம் போகும்; அப்போது செட்டாக மாற்றுவதுதான் சரி. ஆனால் அளக்காமல் செட் மாற்று என்கிறவர் விற்க வந்தவர். இன்னொரு எச்சரிக்கை: 20 பேட்டரி சீரியலில் இருந்தால் 240 வோல்ட்டுக்கு மேல் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரன்ட். மெயினை அணைத்தாலும் அது சாகாது. மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எதுவும் இல்லாமல், இன்சுலேஷன் போட்ட ஸ்பேனரோடு, பழக்கமுள்ள ஆள்தான் அதில் கை வைக்க வேண்டும்.

புது பேட்டரி வந்த நிம்மதி மழைக்காலம் வரை நீடித்தது. அப்புறம் ஒரு நாள் சர்வர் ரூமில் கருகல் வாசனை. யூபிஎஸ் தானாக பைபாஸுக்குப் போயிருந்தது. பைபாஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: யூபிஎஸ் தன் வேலையை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வரும் கரன்ட்டை அப்படியே சர்வருக்குத் தள்ளிவிடுகிற நிலை. கரன்ட் இருக்கும்வரை எல்லாம் ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. பீப் சத்தம் கேட்டிருக்கும். வாட்ச்மேன் "ரொம்ப கத்துச்சு சார், அமுக்கிட்டேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ராத்திரி அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் யாராலும் உட்கார முடியாது. ஆனால் எத்தனை நாளாக பைபாஸில் ஓடியது என்பது எங்களுக்குத் தெரியாமலே போனது. சர்வீஸ் இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்து மூடியைத் திறந்தார். கரன்ட் உள்ளே வரும் பக்கம் இருக்கும் கார்டில் நீல நிற வட்டச் சில்லுகளில் ஒன்று வெடித்து, பக்கத்துச் சுவர் முழுக்கக் கரி. அதிக வோல்டேஜ் வந்தால் தன்மேல் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றுகிற பாகம் அது. ஓரத்தில் ஒரு பல்லியும் காய்ந்து கிடந்தது. "பல்லி பூந்துடுச்சு சார்" என்று எழுதிவிட்டு, ஏஎம்சியில், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், பூச்சி, பல்லி, எலியால் வரும் சேதம் சேராது என்று 38,000 ரூபாய்க்கு பில் போட்டார். பாவம் அந்தப் பல்லி. செத்த இடம் கார்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. காற்றோட்ட ஓட்டைகளுக்கு வலை அடிப்பது நல்லதுதான், நாங்களும் அடித்தோம். ஆனால் வோல்டேஜ் தாங்காமல் வெடித்ததற்குப் பல்லி என்ன செய்யும்?

கொஞ்ச நாளில் அதே கார்டு மறுபடி போனது. இந்தத் தடவை பல்லி இல்லை. ஆகவே "உங்க லைன்ல வோல்டேஜ் ஏறி இறங்குது, சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார்கள். அதற்கு 64,000. அதுவும் வாங்கினோம். ஒரு பலனும் இல்லை. சர்வோ என்பது உள்ளே ஒரு மோட்டார் சுற்றி வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பது. மெதுவாக இறங்கி மெதுவாக ஏறுகிற லைனுக்கு அது சரி. கண நேரத்தில் துள்ளி விழுகிற வோல்டேஜுக்கு அந்த மோட்டார் சுற்றி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதோடு ஆன்லைன் யூபிஎஸ் தானே பெரிய வோல்டேஜ் வித்தியாசத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதுதான். அதற்கு முன்னால் இன்னொரு பெட்டி வேண்டும் என்று யாராவது சொன்னால், எதை அளந்து சொல்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இதற்கிடையில் ஜெனரேட்டர் தகராறு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், யூபிஎஸ் என்னவோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். சில நொடி ஜெனரேட்டருக்கு வரும், மறுபடி பேட்டரிக்கு ஓடும். கரன்ட் வர நேரமானால் ஜெனரேட்டர் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்க, பேட்டரி காலியாகி சர்வர் அணைந்துவிடும். ஜெனரேட்டர்காரர் யூபிஎஸ்ஸைக் கை காட்டினார், யூபிஎஸ்காரர் ஜெனரேட்டரைக் கை காட்டினார். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே அறையில் நிற்கவைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கீழே கம்ப்ரசர் எடுக்கும்போதெல்லாம் ஜெனரேட்டரின் வேகம் தடுமாறி, 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 48க்கும் 52க்கும் ஊசலாடியது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது ஒரு காரணம். யூபிஎஸ்ஸில் உள்வரும் ஃபிரீக்வென்ஸிக்கு வைத்திருந்த எல்லை ரொம்பக் குறுகலாக இருந்தது இன்னொரு காரணம். ஃபில்டரை மாற்றி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரி செய்து, யூபிஎஸ் செட்டிங்கில் எல்லையை அகலமாக்கி, ஜெனரேட்டரில் ஓடும்போது பேட்டரி சார்ஜ் கரன்ட்டைக் குறைத்து வைத்ததும் அந்த ஓட்டம் நின்றது. இதற்கு ஆன செலவு ஃபில்டர் காசும் கூலியும்தான். மற்ற எல்லாவற்றையும் விட மலிவாகத் தீர்ந்தது இதுதான், காரணம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருந்தது.

கார்டு எரிவது மட்டும் புரியவே இல்லை. வெறுத்துப் போய், நான்கு இலக்கக் காசில் கம்பியைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வியே கரன்ட்டை அளக்கும் ஒரு நல்ல ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர் வாங்கினேன், என் சொந்தக் காசில். வாங்கின கையோடு ஒரு நோட்டும் போட்டேன். காலை வேலை தொடங்குவதற்கு முன், பதினோரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், மூன்று மணிக்கு என்று மூன்று ஃபேஸ் வோல்டேஜ், கரன்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும் பூமிக்குள் இறங்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு, அறை வெப்பம் எவ்வளவு என்று எழுதினேன். யூபிஎஸ் டிஸ்பிளேயில் பழைய நிகழ்வுகளின் பட்டியல் இருக்கும் என்பதையும் அப்போதுதான் கையேட்டில் படித்தேன். அத்தனை தடவை வந்த இன்ஜினியர்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை! பார்த்தால், உள்வரும் வோல்டேஜ் அதிகம் என்ற வரி வரிசையாக நின்றது, எல்லாமே ஆபீஸ் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. வெளி லைனில் வருகிற கோளாறு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுக்காது அல்லவா? அங்கேதான் எனக்குச் சந்தேகம் திரும்பியது, கோளாறு கட்டடத்துக்கு உள்ளே என்று. உங்களுக்கு இந்த மாதிரி வந்தால் முதல் வேலையாக அந்தப் பட்டியலை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு மாற்றினால் சில மாடல்களில் அது அழிந்துவிடும்.

நோட்டை எடுத்துக்கொண்டு, மேல்விஷாரம் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளில் காலமெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பாயிடம் போனேன். எங்கள் ஸ்டோர் கீப்பர் சொல்லி அனுப்பியவர். நோட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கங்களைத் திருப்பினார். "தம்பி, மூணு ஃபேஸும் ஒண்ணா இறங்கினா வெளிய இருந்து வர்றதுல குறை. இங்க பாரு, ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் அளந்தியா?" என்றார். அளக்கவில்லை என்றேன். "போய் அள. அது 400 பக்கம் ஆடாம நின்னா, உன் நியூட்ரல் செத்துக்கிட்டு இருக்குது."

அளந்தேன். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் எல்லாமே 400ஐ ஒட்டி ஆடாமல் நின்றது. நியூட்ரலுக்கு வைத்து அளந்தால் 225, 240, 228. மீட்டரில் உச்சத்தைப் பிடித்து வைக்கும் பொத்தானை அமுக்கி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஒரு ஃபேஸ் ஏதோ ஒரு கணத்தில் 271 தொட்டிருந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 9 காட்டியது. கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டினால் இன்னும் வேடிக்கை: மூன்று ஃபேஸ் ஒவ்வொன்றிலும் சுமார் 20 ஆம்பியர், நியூட்ரலில் 31.

இந்த 31ஐப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது. மூன்று ஃபேஸிலும் சமமாக லோடு இருந்தால் நியூட்ரலில் வருவது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும் என்றுதான் ஐடிஐயில் படித்த எல்லாரும் சொல்வார்கள். மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் அது சரி. கம்ப்யூட்டர், எல்ஈடி லைட், மானிட்டர் இதெல்லாம் கரன்ட்டைச் சீராக இழுப்பதில்லை, அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். அப்படி இழுப்பதில் 150 ஹெர்ட்ஸ் பகுதி ஒன்று உண்டு, அது மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கழியாது, கூடும். அதனால் ஃபேஸை விட நியூட்ரலில் கரன்ட் அதிகமாக ஓட முடியும். எங்கள் மாடிக்குப் போட்டிருந்ததோ மூன்றரை கோர் கேபிள். அந்த அரை என்பது நியூட்ரல். ஃபேஸ் கம்பியில் ஏறக்குறைய பாதிக் கனம்தான் இருக்கும். அந்த மாடியில் ஒரு காலத்தில் ஃபேனும் டியூப் லைட்டும் மட்டும் இருந்தபோது போட்ட கேபிள். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கம்ப்யூட்டர் கூடியது, ஏசி கூடியது, சர்வர் வந்தது. கேபிள் அதேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாய் கீழ்த்தள பேனலைத் திறந்தார். உதவிக்கு ஒரு பையன், டார்ச் பிடிக்க நான். ஃபேஸ் கம்பிகளின் முனைகள் பளிச்சென்று இருந்தன. நியூட்ரல் கம்பியின் கறுப்பு உறை முனையிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு மொரமொரத்துப் பழுப்பாகியிருந்தது, விரலால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. அலுமினியக் கம்பியை, முனையில் மாட்டுகிற லக் வெறும் செம்பாக இருக்க, அதில் வைத்து நசுக்கியிருந்தார்கள், இரண்டும் சேருமிடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. போல்ட்டை இரண்டு விரலால் ஆட்டினால் ஆடியது. பாய் எதுவும் பேசவில்லை, அந்த லக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார், அவ்வளவுதான். அதை இப்போதும் என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், யாராவது சர்வோ ஸ்டெபிலைசர் விற்க வந்தால் காட்டுவதற்கு.

நியூட்ரல் லூஸாக இருந்தால் அது ஓரிடத்தில் நிற்காமல் நகரும். லோடு குறைவாக இருக்கிற ஃபேஸில் வோல்டேஜ் ஏறும், அதிகமாக இருக்கிற ஃபேஸில் இறங்கும். சாம்பிள் ரூமில் மெஷின் எடுக்கும்போதும், ஏசி கம்ப்ரசர் எடுக்கும்போதும் அது துள்ளியது. அந்தத் துள்ளலைத்தான் யூபிஎஸ் கார்டு ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு செத்தது. அதோடு, வோல்டேஜ் எல்லை தாண்டும்போதெல்லாம் யூபிஎஸ் சில நொடிகளுக்குப் பேட்டரிக்குப் போய் வந்திருக்கிறது, ஒரு நாளில் பல முறை. பேட்டரி சீக்கிரம் போனதில் அதற்கும் பங்கு உண்டு. நியூட்ரலை மட்டும் ஓடுகிற லைனில் யாரும் கழற்றவே கூடாது. கழன்ற அந்த நிமிஷம் மொத்த மாடியின் எலக்ட்ரானிக்ஸும் போய்விடும். எலக்ட்ரீஷியன் "அஞ்சு நிமிஷ வேலை, ஆஃப் பண்ண வேணாம்" என்றால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

முழு நியூட்ரலோடு நான்கு கோர் கேபிள் புதிதாக இழுத்தோம். அலுமினியத்துக்கும் செம்புக்கும் நடுவில் போடுகிற பைமெட்டாலிக் லக்கை, பாய் பேஸ்ட் தடவி நசுக்கி இறுக்கினார். எர்த் குழியைப் பார்க்கக் கட்டடத்தின் பின்னால் போனால் அதன்மேல் கட்டிங் வேஸ்ட் மூட்டை அடுக்கியிருந்தது. மூட்டையை நகர்த்தி மூடியைத் திறந்தால் உள்ளே புழுதி. இந்தப் பக்கம் பெரும்பாலும் பாறைப் பூமி, கோடையில் பாலாறே மணலாகக் கிடக்கிறபோது எர்த் குழியில் ஈரம் எங்கே இருக்கும்? அளந்ததில் 14 ஓம் வந்தது. ஈரம் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் கலவை போட்டுப் புதுக் குழி ஒன்று தோண்டி இரண்டையும் இணைத்தபின் 2 ஓமுக்குக் கீழே வந்தது. கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்தோம். கேபிள், லக், குழி, பாயின் கூலி எல்லாம் சேர்த்து 61,000. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இப்போது ஒன்றேகால் வோல்ட். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு கார்டுகூடப் போகவில்லை.

பேட்டரிக்கு இன்னொரு எமன் இருந்தது, வெப்பம். அதிகபட்ச வெப்பத்தை நினைவில் வைக்கும் ஒரு சின்ன தெர்மாமீட்டரை ரேக்கில் வைத்தேன். திங்கட்கிழமை காலை பார்த்தால் 43 டிகிரி. மின் செலவைக் குறைக்கச் சொல்லி அட்மினிலிருந்து வந்த சுற்றறிக்கைப்படி சாயங்காலம் ஆறரைக்கு ஆபீஸ் பையன் எல்லா ஏசியையும் அணைத்துவிட்டுப் போவான், சர்வர் ரூமையும் சேர்த்து. ஞாயிறு முழுக்க மொட்டை மாடி வெயில் உள்ளே இறங்கும். சீல்டு பேட்டரிக்குச் சொல்லும் ஆயுள் 20 அல்லது 25 டிகிரிக்கான கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரி தொழிலில் எல்லாரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. ஐந்து வருஷம் என்று எழுதியிருப்பது எங்கள் அறையில் ஒன்றரை வருஷமானது இப்படித்தான். விற்றவர் வெயில் என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அதே வெயிலில்தான் அடுத்த செட்டையும் கொண்டுவந்து அடுக்கினார்.

சூடு ஏறும்போது சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 3 மில்லிவோல்ட். பார்க்க அற்பமாக இருக்கும். ஒரு பேட்டரிக்குள் ஆறு செல், எங்கள் 20 பேட்டரியில் 120 செல். 25லிருந்து 40 டிகிரிக்குப் போனால் மொத்தத்தில் ஐந்து வோல்ட்டுக்கு மேல் குறைய வேண்டும். எங்களுடையது வெயிலோ மழையோ 276 வோல்ட்டிலேயே நின்றது. யூபிஎஸ்ஸின் பின்னால் வெப்ப சென்சார் மாட்ட ஒரு துளை இருந்தது, சென்சாரைத்தான் யாரும் மாட்டவில்லை. அதன் விலை ஒரு பேட்டரியில் கால்வாசிகூட வராது. யூபிஎஸ் வாங்கும்போதே இதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். பேட்டரியை இப்போது கீழே வடக்குப் பக்க அறைக்கு மாற்றிவிட்டோம். அப்படி மாற்றுகிறவர்கள், யூபிஎஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் போடும் பிரேக்கர் டிசிக்கென்று செய்ததாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போடும், திசை மாறி மாறி ஓடும் ஏசி கரன்ட்டுக்கான எம்சிபி பிரேக்கரை அங்கே மாட்டினால், டிரிப் ஆகும்போது பொறி அணையாமல் உள்ளேயே எரியும். மாட்ட வந்த பையன் அதைத்தான் கையில் கொண்டுவந்தான்.

புது செட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பேட்டரியின்மேல் தயாரித்த மாதம், வருஷம் குறியாக இருக்கும். இறக்கும்போதே எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுங்கள். எங்களுக்கு வந்த 20இல் இரண்டு, மற்றதைவிட கிட்டத்தட்ட ஒரு வருஷம் பழசு. கோடவுனில் சார்ஜ் ஏற்றாமல் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தாலே சீல்டு பேட்டரி உள்ளே கெடத் தொடங்கும். ஃபோட்டோவைக் காட்டியதும் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், இந்த முழு விவகாரத்தில் எனக்கு சுலபமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். பழைய பேட்டரியை எடைக்குப் போடுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். 2022இல் வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிப்பாளர் வழியாகவோ பதிவு செய்த மறுசுழற்சி செய்பவர் வழியாகவோதான் போக வேண்டும். எக்ஸ்போர்ட் யூனிட்டில் ஆடிட் வரும்போது அந்த ரசீதைக் கேட்பார்கள்.

பணக் கணக்கைப் பார்த்தால் பேட்டரி செட், இரண்டு கார்டு, சர்வோ, வண்டி நின்ற காசு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் தாண்டிவிட்டது. சரியான வேலைக்கு ஆனது அதில் கால்வாசி. வயிற்றெரிச்சல் அதில்கூட இல்லை. வந்த ஒவ்வொருவரும் அவரவர் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு, அவரவர் விற்கும் பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பெட்டிக்கு நடுவில் போகிற கம்பி யாருடையதும் இல்லை. ஐடி ஆள் எலக்ட்ரிகல் தெரியாதவன் என்று எல்லாரும் நினைக்க, ஒவ்வொரு தடவையும் மீட்டிங்கில் பதில் சொன்னது மட்டும் நான்.

சர்வர் பக்கம் நான் செய்துகொண்ட ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். யூபிஎஸ்ஸை சர்வரோடு இணைத்து, பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் டேட்டாபேஸை மூடி, சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி வைத்திருக்கிறேன். பீப் சத்தத்தை யார் அமுக்கினாலும் என் போனுக்கு மெசேஜ் வரும். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வர்களில் இரண்டு வயரையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருந்ததை மாற்றி, ஒன்றைத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ்ஸுக்குக் கொடுத்தேன். பெரியது போனாலும் சர்வர் நிற்காது.

ஏஎம்சி புதுப்பிக்க வந்தபோது பழைய படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு விசிட்டிலும் மூன்று ஃபேஸ், நியூட்ரல் எர்த் அளவு, லோடில் ஒவ்வொரு பேட்டரியின் வோல்டேஜ், நிகழ்வுப் பட்டியலின் நகல் நான்கையும் எழுதித் தராவிட்டால் அந்தக் காலாண்டுப் பணம் கிடையாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். முதலில் முடியாது என்றார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். பாய் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பேனல் போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்கிறார். அது ஏஎம்சியில் வராது, தனிக் கூலி. பேட்டரி அறை ஏசிக்கு டைமர் போட்டு, அதன் பெட்டிக்குப் பூட்டும் போட்டாயிற்று. அட்மினிலிருந்து சாவி கேட்டு ஒரு மெயில் வந்திருக்கிறது, இன்னும் பதில் போடவில்லை.